மோட்டார் போடாதீங்க

மே 12, திங்கள்
புழுக்கம். கடல்காற்று இன்றும் இல்லை. கருத்தரங்கு முடிந்து காலையில்தான் முத்தியால்பேட்டை திரும்பினேன். சுடுநீர் ஊற்று அமர்வு முழுக்க ரா.வுக்கு. என்னிடம் படித்தவன். துறைத்தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டல். புதுச்சேரியின் பூமிச் சூடு பற்றி நான் பேசியபோது பின்னாலிருந்து ஒருவன்: "புதுச்சேரியில என்ன சார், எரிமலையா கீது?" ஒரே சிரிப்பு. ரா.வும்.
வாங்க: பால், பல்வலி மாத்திரை, சென்சாருக்கு பேட்டரி.

மே 13, செவ்வாய்
தெருமுனைக் குழாயடியில் தெரேஸ் அம்மா. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒன்று. காலை இழுத்து இழுத்து நடை. கணவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து இறந்தவர். பூக்காரி விடவில்லை: "இன்னா சொல்தா வூட்டம்மா, பிரான்சு பென்ஷன் வாங்கிக்கினு எங்க குழாய்க்கு வந்துட்ட?"
"போடீ. தண்ணிக்கா வந்தேன்? உன் வாயக் கேக்க வந்தேன்."
சிரித்தபடி வண்டியில் தாண்டினேன். முனை திரும்பியதும் உறைத்தது.
இரண்டு வாரம் முன், அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வெப்பம் அளக்க வேண்டியிருந்தது. மோட்டார் ஓடினால் தண்ணீர் கலந்து அளவு கெட்டுவிடும். "நான் வந்து சொல்ற வரைக்கும் போடாதீங்க, ரெண்டு நாள்தான்" என்றேன். பிறகு அமர்வுக்காகத் தலைவரோடு சண்டை, கருத்தரங்கு. அடியோடு மறந்தேன்.
திரும்பிப் போகவில்லை. வகுப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோடை விடுமுறை.

மே 14, புதன்
போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். பையில் சென்சாரும் இருந்தது.
யாரும் மறந்து போட்டுவிடாதபடி மோட்டார் சுவிட்சில் ஜெபமாலையைச் சுற்றி வைத்திருக்கிறார்.
"எனக்கு போன் பண்ணியிருக்கலாமேம்மா."
"பெரிய வேலையா போயிருப்ப. என் பொண்ணுதான் பிரான்சுலேர்ந்து வீடியோவுல கத்துறா. தம்பி பூமிச் சூடு பாக்குது, நாம கெடுக்கக் கூடாதுடின்னேன்."
சென்சார் கம்பியைக் கிணற்றில் இறக்கினேன். இத்தனை நாள் அசையாத தண்ணீர். ஆழம் கூடக் கூட வெப்பம் சீராக ஏறுகிறது. அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி கோடு. எந்தக் கிணற்றிலும் எனக்கு இப்படிக் கிடைத்ததில்லை. மறுபடி அளந்து இதே வந்தால் ரா. வாய் திறக்க முடியாது.
"போட்டுடலாமா தம்பி?" ஜெபமாலையைக் கழற்றக் கை நீட்டிவிட்டார்.
மன்னிப்பு நாக்கு நுனியில் இருந்தது.
"இன்னும் ரெண்டு நாள்மா" என்றேன்.
"செரி." இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றினார்.

மே 15, வியாழன்
வெயில். பல்வலி. குழாயடி வழியாகப் போகவில்லை. குருசுக்குப்பம் சுற்றிப் போனேன்.