வால்வை மூடிவிட்டுக் கழற்று

லங்காவி, மலேசியா
பிப்ரவரி 6, 2025

அன்புள்ள பிரிசிக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுது என்றாய். எழுதுகிறேன். மெயிலில்தான் வரும் என்றாலும் கடிதம் என்றே வைத்துக்கொள்.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நம் பாய்மரப் படகின் டாய்லெட் மறுபடியும் ஒழுகுகிறது. நீ ஊருக்குக் கிளம்பும்முன் மாட்டிய வாஷர் இரண்டு வாரம்தான் தாங்கியது. இப்போது கைப்பம்பை அடித்தால் வெளியே கடலுக்குப் போகவேண்டியதில் பாதி என் காலில் வருகிறது. இன்று காலை வழுக்கி விழுந்தேன். எதில் என்று கேட்காதே.

வேறு வாஷர் எங்கே வைத்திருக்கிறாய்? படுக்கைக்கு அடியில் நீ பெயர் எழுதி அடுக்கிய டப்பாக்களில் முருங்கைக்கீரைப் பொடிவரை இருக்கிறது, அது மட்டும் இல்லை. கோப்பைக்குப் பின்னால் குழாயை இறுக்கும் கிளாம்பும் தளர்ந்துவிட்டது. அந்தச் சந்துக்குள் என் கை நுழையாது என்று உனக்கே தெரியும். உன் கைதான் நுழையும்.

உன் அண்ணன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பத்து நாள் என்று போனாய். அது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பருவக்காற்று மாறுவதற்குள் படகைத் தாய்லாந்து பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். எப்போது வருகிறாய்?

உன்
பரணி


சிங்கப்பெருமாள் கோயில்
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள பரணிக்கு,

வாஷர் சமையல் அலமாரியில், காபித்தூளுக்குப் பின்னால். அங்கே ஏன் வைத்தாய் என்று ஆரம்பிக்காதே. அது புதிது, அதன்மேல் எதுவும் படவில்லை.

கழற்றுவதற்கு முன் கீழே இருக்கும் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பிக் கடல் வால்வை மூடு. படகின் அடியில் அது ஒரு ஓட்டை. திறந்திருந்தால் கடல் உள்ளே வரும். இன்ஜினியரிங் படித்த ஒருவருக்கு இதை எழுதவேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கிளாம்புக்கு என் கை வேண்டாம். பின்னால் ஒரு பலகை இருக்கிறது, நான்கு ஸ்க்ரூ. கழற்றினால் உன் கை தோள்வரைக்கும் போகும். இரண்டாம் தடவை பழுதானபோதே நான் அதைக் கண்டுபிடித்து உன்னிடம் சொன்னேன். ‘அப்படியா’ என்றாய். அதற்குப் பிறகும் என்னைத்தான் கூப்பிட்டாய். நானும் வந்தேன். அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். அப்பா நீ அனுப்பிய படங்களைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மாமல்லபுரம் போனேன். மீன்காரர்களின் ஃபைபர் படகுகள் கரையில் ஏற்றிக் கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னாடி, இதுல ஒண்ணுத்துலயும் கக்கூஸு இல்லியே. நீங்க மட்டும் எதுக்குடி வெச்சிகினு மாரடிக்கிறீங்கோ?” என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் தாவீது அண்ணனும் விடவில்லை. “மச்சான் கடல்லயேதான கீறாரு? சுத்தி அம்மாந் தண்ணி கீது. எதுக்கு ஒரு கோப்பைய வெச்சி அதுக்கு ஒரு பம்பு?” சிரித்துச் சிரித்துக் குழந்தையை எழுப்பிவிட்டான்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறாய். இங்கே என் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. சாத்திக்கொண்டு படிக்கிறேன், ஆபீஸ் வேலை பார்க்கிறேன். படகில் இருந்த ஒரே கதவு டாய்லெட் கதவுதான். அதையும் ரிப்பேருக்கு இடைஞ்சல் என்று கழற்றிவைத்தாய். இது முழுக் காரணம் இல்லை. முழுவதையும் எழுத இன்று மனமில்லை.

பிரிசில்லா


லங்காவி
பிப்ரவரி 20, 2025

என் அன்பு பிரிசிக்கு,

கோபமெல்லாம் போகும்படி ஒரு செய்தி. இனி அந்தப் பழைய சனியனோடு போராட வேண்டாம். புது டாய்லெட்டே வாங்கிவிட்டேன்! வெள்ளைப் பீங்கான், பெரிய கோப்பை, பம்பைக் கடையிலேயே அடித்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. அப்போதே உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். குழாயும் புதிது, கிளாம்பும் புதிது.

எல்லாம் பெட்டியோடு சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது. மாட்டுவதற்கு ஆள் தேடினேன். பக்கத்துப் படகுக் கோதண்டராமன் அண்ணன்தான் தடுத்தார். “எதுக்குப்பா ஆளு? உன் ஒய்ஃப் வந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிரும். அந்தப் பொண்ணு கை ராசியான கை.” யோசித்தால் அதுதான் சரி. யாரோ ஒருவன் மாட்டி ஒழுகினால் திரும்பவும் நீதானே பார்க்க வேண்டும்?

அதுவரை ஒரு வாளியில் சமாளிக்கிறேன். பெட்டியை உனக்காகவே பிரிக்காமல் வைத்திருக்கிறேன். டிக்கெட் போடட்டுமா?

உன்னையே எதிர்பார்க்கும்
பரணி


சிங்கப்பெருமாள் கோயில்
பிப்ரவரி 21, 2025

பரணிக்கு,

மனைவிக்குப் பரிசாக டாய்லெட் வாங்கி, அதை அவளே வந்து மாட்டட்டும் என்று பிரிக்காமல் வைத்திருக்கும் கணவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். முதலில் சிரித்தேன். பிறகு வெகுநேரம் சிரிக்க முடியவில்லை.

முழுக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். டிசம்பரில் கோதண்டராமன் அண்ணனும் அவர் மனைவியும் நம் படகுக்கு டீ குடிக்க வந்தார்கள். நான் டாய்லெட் தரையில் மண்டிபோட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு இல்லாததால் மூன்று பேருக்கும் என் முதுகு தெரிந்தது. நீ டீ ஊற்றியபடியே அவர்களிடம் சொன்னாய்: “பிரிசிக்கு இதுல கூச்சமே கெடையாதுண்ணே. பழகிருச்சு. எனக்குத்தான் கொமட்டும்.” அவர்கள் சிரித்தார்கள்.

எனக்கும் குமட்டியது, பரணி. ஒவ்வொரு முறையும்.

நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். தெரிவதால் எதுவும் குறையவில்லை. நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று உனக்குத் தெரியும். எங்கள் தெருவைப் பார்த்து அந்த வாக்கியத்தை இதற்குமுன் யாரெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். நான் விளக்கப் போவதில்லை.

டிக்கெட் போடாதே.

பிரிசில்லா


லங்காவி
மார்ச் 30, 2025

பிரிசிக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. எதையாவது செய்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

நானே மாட்டிவிட்டேன். ஆள் வைக்கவில்லை. கோதண்டராமன் அண்ணன் உதவிக்கு வந்தார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பலகை நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. முதல் நாள் சிவப்புக் கைப்பிடியை மூடியதாக நினைத்துக்கொண்டு குழாயைப் பிடுங்கினேன். அது பாதிதான் மூடியிருந்தது. கடல் முகத்தில் அடித்தது. உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கைப்பிடியோடு மல்லாடி, வாய்விட்டு அலறினேன். பழைய குழாயின் உள்ளே கல்போலப் படிந்திருந்ததை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். புதுக் கோப்பையின் போல்ட் பழைய ஓட்டைகளில் உட்காரவில்லை. மரத்தில் புதிதாகத் துளை போட்டேன். கதவையும் மாட்டிவிட்டேன்.

இன்னும் லேசாகக் கசிகிறது. அதைவிடு.

நீ யோசிக்கச் சொன்னதை யோசித்தேன். அந்த நாற்றத்தில் மண்டிபோட்டிருந்தபோதுதான் எல்லாம் உறைத்தது. உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் என்ன பாடு பட்டிருக்கும், மாமா எத்தனை வருடம் இதைச் சகித்திருப்பார் என்று நினைத்து அழுதுவிட்டேன். அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. இப்போதுதான் உன்னைப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

வா என்று கேட்கும் தைரியம் இல்லை. ஆனால் வா.

பரணி


சிங்கப்பெருமாள் கோயில்
ஏப்ரல் 2, 2025

அன்புள்ள பரணிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடலைக் கையால் பொத்திய இடத்தில் சிரித்தேன். கதவை மாட்டினேன் என்று எழுதிய இடத்தில் உனக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்கு அடுத்த பத்தியில் மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டேன்.

என் அப்பா அந்த வேலையைச் செய்ததே இல்லை.

அவர் அப்பாவும் செய்ததில்லை. அவர்கள் வயல் வேலைக்குப் போனவர்கள். அப்பாவுக்கு இருபத்தைந்து வயதில் ஓர் அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனார். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், தெருப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, கக்கூஸ் கழுவும் துடைப்பத்தைக் காட்டினார்களாம். அப்பா வேண்டாம் என்று திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு கல்பாக்கத்தில் ஸ்டோர் வேலை கிடைக்கும்வரை கல் உடைத்தார், மூட்டை தூக்கினார். வீட்டில் பல நாள் ஒருவேளைச் சாப்பாடுதான்.

அவர் உனக்கு மாமனாராகி இந்த மூன்று வருடத்தில் அவரோடு ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குமேல் நீ உட்கார்ந்ததில்லை. அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டதும் இல்லை. எங்கள் குடும்பத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீயே முடிவு செய்து, அதற்காக அழவும் செய்திருக்கிறாய்.

எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்த முதல் ஆள் நான்தான். உன் படகில். அப்பாவிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் நான் இங்கே உட்கார்ந்திருப்பது அதனாலும்தான்.

கசிவுக்கு: புதுக் குழாயின் நுனியை வெந்நீரில் முக்கி, மிருதுவானதும் முழுவதும் உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு கிளாம்பை இறுக்கு. நின்றுவிடும்.

படகுக்கு நான் வரவில்லை. நீ இங்கே வா. வழக்கம்போல மாமல்லபுரத்தில் ரூம் எதுவும் போடாதே, எங்கள் வீட்டில் தங்கு. அப்பா காலில் விழாதே, அவருக்குப் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வேண்டாம் என்று திரும்பிய அந்த நாளைப் பற்றிக் கேள். நன்றாகச் சொல்வார், இடையிடையே அவரே சிரித்துக்கொள்வார். சொல்லி முடித்ததும், படகில் என்னை என்ன செய்ய வைத்தாய் என்பதை நீயே அவரிடம் சொல். நானும் அங்கே இருப்பேன்.

அதற்குப் பிறகும் என்னைக் கூப்பிடத் தோன்றினால், அப்போது கூப்பிடு.

பிரிசி