குளத்துச் சுவரில் சுறா எண்ணெய்

அக்டோபர் 4
சோறு வடிக்கும்போது மாமி மறுபடி ஆரம்பித்தார். "பிஸ்மின்னு அல்லாஹ் பேரச் சொல்லாம சுடுகஞ்சிய ஊத்தின. கீழ இருந்த ஜின்னுப் புள்ள வெந்துச்சு. அதுங்க எம்புள்ளைய எடுத்துக்கிச்சுங்க."

என் வீட்டுக்காரர் ஹுமைத் நீச்சல் குளத்தில் செத்து மிதந்த அன்று, குளத்தோரச் சாக்கடையில் கஞ்சி ஊற்றியது நான்தான். பிஸ்மி சொன்னேனா? ஞாபகமில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

அக்டோபர் 9
குளத்தோடு வாடகைக்கு விடும் எங்கள் தோட்டத்து வீட்டை இப்போது யாரும் எடுப்பதில்லை. ஜின் வீடாம். குளத்து விளக்கு எரிந்தாலாவது வருவார்களோ என்று எலக்ட்ரீசியன் ஷம்பேயைக் கூப்பிட்டேன். விளக்கைப் பற்றிப் பேசியது கொஞ்சம். அவன் ஒட்டகத்தின் பல்வலியைப் பற்றித்தான் நிறைய.

அவன் போனபின் குளத்தைப் பார்த்தேன். சுவரில் அணைந்த விளக்கு, கண் மாதிரி. சொன்னியா, சொன்னியான்னு கேக்குது.

அக்டோபர் 10
ஷம்பே மெயினை அணைத்துவிட்டு, விளக்கைச் சுவர்க் குழியிலிருந்து உருவினான். மீன் எண்ணெய் நாற்றம். படகுக்குச் சுறா எண்ணெய் பூசிவிட்டு வரும் ஹுமைத்தின் கை வாசம்.

"யாருக்கா இத மாட்டினது?"

"அவருதான்."

விளக்கின் பின்னால் கம்பியை ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, வலைநூலால் முடிந்து, எண்ணெய் பூசியிருந்தது.

"படகு ஓட்டைய அடைக்கிற மாதிரி அடைச்சிருக்காரு. தண்ணிக்குள்ள ஒட்டே இருக்கக் கூடாதுக்கா. மேல பெட்டி வரைக்கும் ஒரே கம்பியா போகணும். இதுல நேரா வீட்டுக் கரண்ட் வேற. எறங்கினவங்க…" நிறுத்திக்கொண்டான்.

அப்போ ஜின் இல்ல. நானும் இல்ல. நீயேவா, ஹுமைத்?

அக்டோபர் 11
பழைய கம்பியின் நுனியில் புதுக்கம்பியைக் கட்டிக் குழாய் வழியே இழுத்துவிட்டான். டிரான்ஸ்பார்மர் வைத்துக் கரண்டையும் குறைத்தாயிற்று. விளக்கு எரிகிறது. அந்த ஒட்டைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். காட்டினால் எனக்கு விடுதலை. மாமிக்கு? ஒம்புள்ள தன் கையாலயே போயிட்டான்னு எப்படிச் சொல்ல?

அக்டோபர் 13
நான் காட்டவில்லை. வாசம் பிடித்து மாமியே துணியை அவிழ்த்தார். முடிச்சை விரலால் தடவினார். "இது எங்க வீட்டு முடிச்சு," என்றார். ஷம்பே சொன்னதைச் சொன்னேன். அவர் அதைத் துணியில் மறுபடி முடிந்து தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 17
பக்கத்துத் தோட்டத்து மௌஸா காபிக்கு வந்தாள். பேரீச்சம்பழத்தை மென்றபடி, "வெளக்க மாத்திட்டா ஜின்னு மறந்துருமா? ஒங்க மருமக ஊத்தின கஞ்சியாச்சே," என்றாள்.

மாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவ ஊத்தல. அன்னிக்கு ஊத்தினது நான்."

மௌஸா மெல்வதை நிறுத்தினாள். நான் மாமியின் கிண்ணத்தை எடுத்துக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.