‘இல்லை’ பக்கத்து அம்பு

அன்புள்ள நம் வாலுவின் அம்மாவுக்கு,

வாலு நலம். முதலில் இதைப் படித்து, மூச்சை விட்டுவிட்டு, அப்புறம் மேலே படி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நர்ஸம்மாவின் தெர்மாமீட்டரைத் தர மாட்டேன் என்று சண்டை போடுகிறாள். அவள் கட்டில் விளிம்பில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒர்க்‌ஷாப்பை மூடியபின் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்ததை எழுதியிருந்தேன். ஸ்பேனர் பிடித்த கைக்கு இது தேவையா என்று சிரித்திருப்பாய். டீச்சர் இன்னும் கீபோர்டைத் தொடவே விடவில்லை. எந்தப் புரோகிராமையும் முதலில் படமாகப் போட வேண்டுமாம். செய்கிற வேலைக்குக் கட்டம், கேள்விக்கு டைமண்ட் வடிவம், அதிலிருந்து ‘ஆம்’ என்று ஓர் அம்பு, ‘இல்லை’ என்று ஓர் அம்பு. பழகுவதற்கு வீட்டு விஷயம் ஒன்றைப் போட்டுவரச் சொன்னார். மற்றவர்கள் டீ போடுவதை வரைந்தார்கள். நான், வாலுவுக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று வரைந்தேன். நான் வகுப்பில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்காதானே பார்த்துக்கொள்கிறார். போன தடவை பதறிப்போய் வாயில் கரண்டியை வைக்கப் பார்த்தாராம்.

ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, பக்கத்திலேயே இரு. பிறகு கேள்வி: நின்றுவிட்டதா? ‘இல்லை’ அம்பு திரும்பவும் ‘பக்கத்திலேயே இரு’ கட்டத்துக்கே போகும். பிரமாதமாகப் போட்டதாக நினைப்பு எனக்கு. டீச்சர் அந்த அம்பின் மேல் விரலை வைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “சார், நிக்கவே இல்லைன்னா? இதுல வெளிய வர வழியே இல்லையே.”

சில தடவை தானாக நிற்காது என்று டாக்டர் சொன்னது தெரியாமல் இல்லை. அதை என் கையால் எழுத மனம் வராமல் விட்டிருக்கிறேன். அங்கேயே இன்னொரு டைமண்ட் போட்டேன்: ஐந்து நிமிடம் தாண்டிவிட்டதா? ஆம் என்றால் ஆம்புலன்ஸ். படத்தை வீட்டில் வாலுவின் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

நேற்று மதியம் வந்த வலிப்பு நிற்கவில்லை. நான் வகுப்பில் இருந்தேன். அக்கா சுவரில் விரலை வைத்து, அம்பு போன வழியே போயிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். இனியும் இப்படி நீளமாக வரலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அவள் தும்மினாலும் எனக்கு உயிர் போய்த் திரும்புகிறது. பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

காலையில் வாலு படத்தைப் பற்றி ஒரு குறை சொன்னாள். “அம்மாவைக் கூப்பிடுன்னு எங்கயுமே இல்லையேப்பா?”

நடக்க முடியாத வேலையைக் கட்டத்தில் எழுதக் கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பு. நீயோ அங்கே யார் பிள்ளைக்கோ சாப்பாடு ஊட்டிக்கொண்டிருப்பாய். வேலை நேரத்தில் போனையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

உன் சம்பளத்தில்தான் மருந்து வாங்குகிறோம். உன்னை வா என்று சொல்ல எனக்கு வாய் ஏது? ஆனாலும் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு, யோசித்து, ஒரு வரி எழுது. ‘அம்மாவைக் கூப்பிடு’ என்று ஒரு கட்டம் போடட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலுவின் அப்பா