யோவான் இந்தப் பக்கம் வந்தாரா

கஷோய்ரா, அக்டோபர் 12

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ எந்த ஊரில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இரு. நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் போன் வந்து இரண்டரை மாதம் ஆகிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன், அப்பா பார்த்தும் பார்க்காதது மாதிரி ரேடியோவில் பந்தாட்டம் கேட்கிறார்.

நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாம் பேசும் போர்த்துகீசியம் படிக்கவும் நம் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கவும் கெல்சி என்றொரு அமெரிக்கப் பெண் பிப்ரவரியில் வந்தாள், உன் அறையைக் கொடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா, நீகூட, "கட்டில் கால் ஆடும்மா, முட்டுக் கொடுத்து வை" என்று சிரித்தாய். அவள் வீடு நீ இருக்கும் ஊரிலிருந்து இருபது நிமிடம் என்பதை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன். வந்த புதிதில் அவள் பேசியது பாடப் புத்தகம் பேசுவது மாதிரி இருக்கும். மரவள்ளி மாவைத் தட்டில் தூவிச் சாப்பிடவும், தெருவில் போகிற ஆளை நிறுத்தி வம்பு பேசவும் நான்தான் பழக்கினேன். ஜூன் மாதம் புனித யோவான் திருநாளுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் தெருப் பெண் என்றே தோன்றும், அப்பாவே, "இவ உன் நாக்கையே வெட்டி எடுத்துக்கிட்டாளாடீ" என்று கேட்டார். அன்று அவளும் வழக்கப்படி எல்லோரோடும் வீடு வீடாகப் போய் "யோவான் இந்தப் பக்கம் வந்தாரா" என்று கேட்டு, வந்தார் வந்தார் என்று கதவு திறந்த வீட்டிலெல்லாம் வேர்க்கடலையும் பழமதுவும் வாங்கிக் குடித்து முகம் சிவந்து திரும்பினாள்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. நீ போய்ப் பதினொரு திருநாள் ஆகிவிட்டது. தங்க அனுமதிக் காகிதம் இல்லாமல் அங்கே இருப்பவன் நீ, அங்கிருந்து கிளம்பினால் திரும்பப் போக முடியாது, எனக்கும் வர வழியில்லை. இந்தப் பெண்ணாவது நம் வீட்டு ஜெனிபாப்புப் பழமதுவை உன் வாசலுக்குக் கொண்டு வரட்டும் என்று ஜூலையில் அவள் ஊர் திரும்பும்போது ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தேன். நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் பெட்டியில் எழுதியிருந்த விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நம் ஊரில் திருநாளுக்கு யார் சொல்லிவிட்டு வருகிறார்கள்? நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போ, மரியாதையாக முழுப் பெயரையும் படித்து அவர்தானா என்று கேள், பிறகு நம் கேள்வியைக் கேள் என்று சொல்லி அனுப்பினேன். கையில் காகிதத்தோடு ஒரு வெள்ளைக்காரி உன் வாசலில் நின்று என் வீட்டு, அப்பா வீட்டு இரண்டு குடும்பப் பெயரோடும் உன் பெயரைப் படித்தால் நீ என்ன நினைப்பாய் என்று இந்த மண்டைக்கு எட்டவே இல்லை.

ஆகஸ்டில் கெல்சியின் கடிதம் வந்தது. போர்த்துகீசியத்தில் ஒரு பிழை இல்லை. கதவைத் திறந்த மனிதர், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சாத்திவிட்டாராம். வேறு யாரோ என்று நினைத்தாளாம், ஆனாலும் சொல்லிக்கொடுத்தபடி கதவுக்கு வெளியே நின்று யோவான் வந்தாரா என்று இரண்டு தரம் கேட்டாளாம், உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றதாம். அந்த மனிதருக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு என்று எழுதியிருந்தாள். உன் பன்னிரண்டு வயதில் வாணம் வெடித்துப் பிளந்த புருவத்தை மடியில் வைத்துப் பஞ்சால் அழுத்தியவள் நான். மறுவாரம் அவள் மறுபடி போனபோது வீடு காலியாம். வாசலில் வைத்துவிட்டு வந்த பாட்டில் மூடிகூடத் திறக்காமல் அங்கேயே இருந்ததாம்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் அவனே இல்லைன்னுட்டான், இனி நாம அவனுக்கு யாருடீ" என்றவர் அதற்குப் பிறகு உன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வாசல் வார்த்தையைக்கூடக் கற்றுக்கொண்டு பிடிக்க வந்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது நான். அடுத்த பிப்ரவரிக்கும் ஒரு மாணவரை அனுப்பட்டுமா என்று கெல்சியை அனுப்பிய நிறுவனத்தார் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

நீ ரொட்டி வாங்குவதாகச் சொன்ன நம் ஊர்க்காரர் கடையில் கெல்சி இதை வைத்துவிட்டு வருவாள். அங்கே இனி நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கூரை வேலைக்குப் போனால் இடுப்புக் கயிறு கட்டிக்கொள், வெறும் வயிற்றில் ஏறாதே. இனி யார் வந்து யோவானைக் கேட்டாலும் கதவைத் திறக்காதே, என் குரல் மாதிரியே இருந்தாலும் திறக்காதே. போனை எடுத்ததும் "ஆசீர்வாதம் கொடும்மா" என்பாய், நான் கொடுப்பேன். கேட்காத பிள்ளைக்குக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் கொடுக்கிறேன், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

உறையில் உன் பெயர் எழுதவில்லை, உள்ளேயும் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. நீ பிறக்கும் முன்பே நானும் அப்பாவும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர். இது யார் கையில் கிடைத்தாலும், யாரோ ஒருத்தி யாரோ ஒரு மகனுக்கு எழுதியது என்றே இருக்கட்டும்.

அம்மா