பாண்டியின் முழங்கால்

வெள்ளி, இரவு. ஷார்ஜா.

லேபர் கேம்ப் ஃபுட்பால் மேட்ச்சில் பாண்டியை இறக்கியிருக்கக் கூடாது. காலையிலேயே முழங்கால் வீங்கியிருந்தது. "முடியல கோச்" என்றான். பேண்டேஜை இறுக்கிக் கட்டி, "பத்தே நிமிஷம், ஓடுடா" என்றேன். காலேஜில் என் கோச்சும் எனக்கு இப்படித்தான் கட்டிவிட்டார். அதோடு என் ஆட்டம் முடிந்தது. தெரிந்தேதான் செய்தேன்.

ஜெயித்தோம். அவனைத் தூக்கிக்கொண்டுதான் கிளினிக் போனேன். கட்டட வேலையில் சாரம் ஏறிப் பிழைக்கிறவன், இனி எப்படி ஏறுவான்?

ஃபோர்மேன் வந்து என்ன ஆச்சு என்றார். நான் வாயைத் திறக்குமுன் பாண்டி முந்திக்கொண்டான்: "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்."

எனக்காகச் சொன்ன பொய்.

ஃபோர்மேன் என் தோளைத் தட்டினார். "நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"ஆமா சார்" என்றேன்.