பதினோராம் பக்கம்

கொழும்பு
12.01.2004

தலைவர்,
சனசமூக நிலைய வாசிகசாலை,
சரவணை.

ஐயா,

தேசிய நூலகத்தில் பழைய தமிழ்ப் பிரசுரங்களை ஸ்கான் செய்து கணினியில் ஏற்றும் பகுதியில் வேலை செய்கிறேன். செத்த வீட்டின் முப்பத்தோராம் நாள் உறவினருக்கு அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்களை இப்போது சேகரித்து வருகிறோம். தீவுப் பகுதியில் போருக்குத் தப்பியவை பெரும்பாலும் தங்கள் வாசிகசாலையில் இருப்பதாக அறிகிறோம். அனுப்பி உதவினால், வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இங்ஙனம்,
திருமதி கமலாதேவி டெனிஸ்ரன்

பி.கு.: தலைவர் யார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சுகமா அண்ணை?

*

சரவணை
02.02.2004

அம்மணி,

கடிதம் கிடைத்தது. நாற்பத்து மூன்று கல்வெட்டுகளைப் பெட்டியில் கட்டி லொறியில் விட்டிருக்கிறேன். பெரும்பாலானவை இடம்பெயர்ந்தபோது சீமெந்துப் பைக்குள் போட்டு நான் கொண்டு திரிந்தவை. பாதிக்கு மேற்பட்டவற்றில் குடும்ப விபரம் எழுதியதும் நான்தான். "பரமலிங்கத்தார் எழுதினால் பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை கூடத் தவறாது" என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

கடைசியாக உள்ளது அப்பாவினுடையது. அதில் ஒரு தாளைச் செல் அரித்துவிட்டது. மற்றபடி பழுதில்லை.

சுகம் கேட்டிருந்தீர். இருபது வருடமாகச் சுகமாகத்தான் இருக்கிறேன். கேட்கத்தான் உமக்கு நேரம் கிடைக்கவில்லை.

க. பரமலிங்கம்
தலைவர்

*

கொழும்பு
20.02.2004

அன்புள்ள அண்ணைக்கு,

பெட்டி ஈரம் படாமல் வந்து சேர்ந்தது. உங்கள் கட்டை அவிழ்க்கவே எங்களுக்கு அரை நாள் போனது.

அப்பாவின் கல்வெட்டில் பத்தாம் பக்கத்துக்கு அடுத்ததாகப் பதின்மூன்று வருகிறது. நடுத்தாள் அடியோடு நேராகப் போயிருக்கிறது. என்னோடு வேலை செய்யும் றொஷானி பார்த்துவிட்டு, "அக்கா, இது பிளேட்டால வெட்டினதெல்லோ?" என்று கேட்டாள். சரவணைச் செல்லுக்கு இவ்வளவு ஒழுங்கு எப்போது வந்தது அண்ணை?

அது குடும்ப விபரம் உள்ள தாள். அதில் என் பெயர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரனை, அதுவும் கடற்தொழில் வீட்டுப் பெடியனை விரும்பிக் கட்டியவள் நான். எல்லாம் யோசித்துத்தான் வெளிக்கிட்டேன். ஆனாலும் அப்பா செத்த அன்று, குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நிற்கும்போது வானொலியில் மரண அறிவித்தல் போனது. "பரமலிங்கத்தின் அன்புத் தந்தையும்" என்று வாசித்துவிட்டு அடுத்த சாவுக்குப் போய்விட்டார்கள். அப்படித்தான் அப்பா இல்லை என்பது எனக்குத் தெரிய வந்தது. சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்துவிட்ட காலம். டெனிஸ்ரன் உடுப்புப் பாக்கை எடுத்து வைத்துவிட்டு, "வெளிக்கிடும். றோட்டில நிண்டெண்டாலும் முகத்தைப் பாத்திட்டு வருவம்" என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். மகள் என்று சொல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது?

தாளை அனுப்புங்கள். இங்கே நாங்கள் எதையும் திருத்துவதில்லை. உள்ளதை உள்ளபடி ஏற்றுவதுதான் வேலை. என் பெயர் இல்லாவிட்டால் இல்லாமலே ஏறட்டும்.

தங்கை,
கமலா

*

சரவணை
11.03.2004

அன்புள்ள தங்கச்சி,

தாள் இத்துடன் இருக்கிறது. உன் பெயரை ஓரத்தில் எழுதப் பேனாவை எடுத்தேன். உள்ளதை உள்ளபடி என்று நீ எழுதியிருந்ததால் வைத்துவிட்டேன். ஆனால் உள்ளது அந்தத் தாளில் மட்டும் இல்லை. மீதியை நான் சொல்லத்தான் வேண்டும்.

சொந்தக்காரரின் வாய்க்குப் பயந்து உன் பெயரை விட்டேன் என்று ஊர் நினைக்கிறது. நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அப்படியில்லை. அப்பா கடைசிக் கிழமையில், "கமலாவுக்கு அறிவிச்சனியோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா, அறிவிச்சனான்" என்றேன். அடுத்த நாளும் கேட்டார். அதையே சொன்னேன். நான் அறிவிக்கவில்லை கமலா. நீ வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே அவர் போனார்.

உன் பெயரை அச்சில் போட்டால், "மகள் ஏன் வரேல்லை?" என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டால் என் பொய் வெளியே வரும். அதுதான் விட்டேன்.

ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்பாய். இடம்பெயர்ந்தபோது அவரைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டினவன் நான். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன் நான். கடைசியில் அவர் கேட்டது உன்னை. எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அண்ணன்

*

சரவணை
28.06.2004

அன்புள்ள கமலா,

மூன்று மாதமாக உன் கடிதம் இல்லை. தபால்காரரை நான் குறை சொல்லவில்லை.

வேறு ஒரு விஷயம். என் கல்வெட்டுக்கான குடும்ப விபரத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பிறகு எழுதப் போகிறவனை நம்ப முடியாது, அவ்வளவுதான். பிரதி இத்துடன் இருக்கிறது. உடன்பிறந்தவள் என்ற இடத்தில் உன் பெயர், பக்கத்தில் உன் அவர் பெயர், அல்லைப்பிட்டி பஸ்ரியாம்பிள்ளையின் மகன் என்று அவருடைய தகப்பன் பெயரும் போட்டிருக்கிறேன். சரியா என்று பார்.

மருமக்கள் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். உனக்கு இரண்டு பிள்ளைகள் என்று யாரோ சொன்னார்கள். பெயர் தெரியாது. இந்த ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தையின் பெயரும் தெரிந்தவன் நான். இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு.

அண்ணன்

*

கொழும்பு
15.07.2004

அன்புள்ள அண்ணை,

பங்குனியில் வந்த உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இருக்கும் போதெல்லாம், அப்பா வாசலைப் பார்த்த வரியில் போய் நின்றுவிடுவேன். எழுந்து போய்விடுவேன். மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கு எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. தனியாக இருந்து அழுதேன். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அப்பா என்னைக் கேட்டார் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும். அதையும் நினைத்துத்தான் அழுதேன்.

பதினோராம் பக்கத்தை அச்சிட்டது அச்சிட்டபடியே ஸ்கான் செய்து ஏற்றிவிட்டேன். புத்தகங்கள் எல்லாம் திரும்பி வருகின்றன.

உங்கள் குடும்ப விபரத்தில் பிழையில்லை. மாமனாரின் பெயரைப் பார்த்துவிட்டு டெனிஸ்ரன் எழுந்து வெளியே போய் நின்றார். ஆனால் கோடுகளை நான் நிரப்பவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். ஆவணி விடுமுறைக்கு நாங்கள் நாலு பேரும் வருகிறோம். பஸ் அவருடைய ஊர் அல்லைப்பிட்டியைத் தாண்டித்தான் வரும். ஆனாலும் முதலில் சரவணைக்கு என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் பெயரை அவர்கள் வாயால் கேட்டு, உங்கள் கையால் எழுதுங்கள்.

மூத்தவள் கொஞ்சம் வாய்க்காரி. "மாமா, இவ்வளவு நாளும் ஏன் எங்கட பேர் தெரியேல்லை?" என்று கேட்பாள். என்ன சொல்வதென்று இப்போதே யோசித்து வையுங்கள்.

தங்கை,
கமலா