காற்று திரும்பிய புதன்கிழமை

ஓக்லஹோமா,
மார்ச் 14

அன்பு மகள் ட்வைலாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அலாஸ்காக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். எப்போதும் எழுதும் அம்மாவுக்கு வலது கையில் கட்டு, அதனால் இந்த முறை என் கோழிக்கிறுக்கலைத்தான் நீ படிக்க வேண்டும். பயப்படாதே, பத்து நாளில் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் புகைதான் என்று அம்மா போனில் உன்னிடம் சொன்னது பொய்.

இங்கே மார்ச் மாதம் ஆட்டம் காட்டுகிறது. செவ்வாயன்று சட்டை நனைய வியர்த்தது, வியாழனன்று மாட்டுத் தொட்டியில் பனிக்கட்டியை உடைத்தேன். நடுவில் அந்தப் புதன்கிழமை. தென்மேற்குக் காற்று ஆளைத் தள்ளியது, மதியம் சாலையோரக் காய்ந்த புல்லில் தீப்பிடித்து வடகிழக்கே ஓடியது. நாம் தீக்குத் தெற்கே இருக்கிறோம், இது பத்திரமான பக்கம், நீ மாடுகளோடு இரு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் தண்ணீர் வண்டியோடு தீயணைக்கப் போனேன். மாலையில் வாடைக்காற்று இறங்கும் என்று காலையில் ரேடியோ சொன்னதை இந்தக் காதால் கேட்டிருந்தேன். அவசரத்தில் மறந்துவிட்டேன். நாலு மணிக்குக் காற்று திரும்பி, தீ அகலமாக நம் மேய்ச்சலை நோக்கி வந்தது.

நம் மாடு தன் வயலில் இறங்கியதற்காக ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வயல்காரர் ஹாலிஸ்தான் தன் முள்வேலியைத் தானே வெட்டி, "லொரீனா, பச்சைக் கோதுமை எரியாது, தின்னா தின்னுட்டுப் போகட்டும், ஓட்டிட்டு வா!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். நாற்பது சினை மாடுகளில் முப்பத்தேழை அம்மா ஓட்டிவிட்டாள். மீதி மூன்றுக்காகத் திரும்பிப் போய், கொதிக்கும் இரும்புக் கேட்டைப் பிடித்திருக்கிறாள். அவை பிழைக்கவில்லை. புகைக்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். கோதுமை நடுவே உட்கார்ந்திருந்தவள், "ஏன் இப்படி முழிக்கிறீங்க, மாட்ட எண்ணுங்க" என்றாள். மறுநாள் அங்கேயே ஒரு கன்று பிறந்தது. "பிரசவத்துக்கும் என் வயலுக்கே வருதா?" என்று ஹாலிஸ் சிரித்தார்.

இதையெல்லாம் எழுத வேண்டாம், அவ கிளம்பி வந்துடுவா என்கிறாள் அம்மா. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைக் கூப்பிடு. அம்மா காற்றைத்தான் திட்டுகிறாள், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீயாவது திட்டு அம்மாடி.

உன் அப்பா,
வெர்னன்